கருவுற்ற காலத்து உதிரப்போக்கு: முன் நடந்ததை மறைக்காதீர்



சென்ற மழைக்காலத்தில் நமது ஒக்கலிபுரத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியோடு இம்மாதப் பகுதியைத் தொடங்குகின்றோம். அக்குடும்பத்தார் இசைவு தந்த பின்னரே எழுதுகின்றோம். பெயரையும் தெருவையும் கூறோம்.

எட்டாம் மாதம் நடக்கும் ஒரு மருமகள் விடியற்காலையில் எழுந்தபோது பாயில் உதிரம் கண்டாள். வயிற்றில் வலி இல்லை, குழந்தை அசைந்துகொண்டிருந்தது. சிறிது நேரத்தில் உதிரம் தானே நின்றது. “உடற்சூடு; வெந்தயம் ஊறவைத்துக் குடித்தால் சரியாகிவிடும்” என்றார் மாமியார். அவர் கொடியவர் அல்லர். மருமகளைத் தம் மகள்போல் பேணுபவர். தமக்குத் தெரிந்ததைச் சொன்னார். இரண்டு நாள் கழித்து, இரவு பத்து மணிக்கு, உதிரம் மீண்டும் வந்தது. இம்முறை நிற்கவில்லை.

மருத்துவமனையில் டாக்டர் அம்மையார் மூன்று கேள்விகள் கேட்டார். ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சுக்கொடி எங்கே இருந்தது? அந்தத் தாள் திருப்பத்தூரில், தாய்வீட்டுப் பெட்டியில் இருந்தது. முதற் குழந்தை எவ்வாறு பிறந்தது? அறுவையால் என்று கணவர் கூறினார். இடையில் கருச்சிதைவு ஏதும் உண்டா, கருப்பையைச் சுத்தம் செய்தார்களா? “அப்படி ஒன்றும் இல்லை, அம்மா” என்றார் மாமியார். அப்போது அப்பெண், எல்லோரையும் வெளியே போகச் சொல்லுமாறு டாக்டரை வேண்டினாள். இரண்டு ஆண்டுக்கு முன் தாய்வீடு சென்றிருந்தபோது இரண்டு மாதக் கரு கலைந்ததையும், அங்கே ‘டி.என்.சி.’ செய்ததையும், “புகுந்த வீட்டில் சொல்லாதே, கருப்பை பலமற்றவள் என்பார்கள்” என்று தன் தாய் கூறியதையும் அதன் பின்னரே சொன்னாள்.

அந்த ஒரு சொல் கிடைத்ததும் டாக்டர் கூடுதல் இரத்தத்துக்கு ஆள் அனுப்பினார். மூத்த அறுவை மருத்துவரை வீட்டிலிருந்து வரவழைத்தார். தாயும் சேயும் பிழைத்தனர். ஆனால் கருப்பையை அகற்ற நேர்ந்தது.

கருவுற்ற காலத்து உதிரப்போக்கைப் பற்றி நாம் கூற விரும்புவது இந்நிகழ்ச்சியிலேயே அடங்கியிருக்கின்றது. உதிரம் திடீரென்று வருவதுபோல் தோன்றும். ஆனால் அதற்கான காரணம் பல வேளைகளில் அப்பெண்ணின் முன்கதையில் இருக்கும். முன்கதை தெரிந்தால் முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். நம்மைப்போல் ஓர் ஊரில் வாழ்ந்து மற்றோர் ஊரில் பிள்ளை பெறும் குடும்பங்களிலோ அம்முன்கதை இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றது. நாம் மருத்துவர் அல்லோம். மருத்துவர்கள் பொதுவாக ஒப்புக்கொண்ட செய்திகளையே எளிய சொற்களில் இங்கே தருகின்றோம்.

முதல் மூன்று மாதம்

கருவுற்ற பெண்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு முதல் மூன்று மாதங்களில் சிறிதளவேனும் உதிரம் தோன்றுகின்றது. அவருள் பாதிப்பேருக்கோ அதற்கும் மேலோ கரு நிலைத்து நல்லபடியே பிரசவமாகின்றது. ஆகையால் உதிரம் கண்டவுடன் எல்லாம் போயிற்று என்று அழவேண்டியதில்லை. அதேபோல், சிறிதுதானே என்று வாளாவிருப்பதும் தவறு. காரணம் யாது என்பதை அன்றே அறியவேண்டும்.

கருச்சிதைவு முதற் காரணம். தொடக்க மாதங்களில் கலையும் கருக்களுள் ஏறத்தாழப் பாதி, கரு உருவாகும்போதே அதன் நிறப்புரிகளில் நேர்ந்த பிழையால் கலைவன. அதில் தாயின் குற்றமும் இல்லை, தந்தையின் குற்றமும் இல்லை. பப்பாளித் துண்டு தின்றாள், மாடிப்படி ஏறினாள், அழுதாள் என்று பழி சுமத்துவது அறியாமை. அப்பழிக்கு அஞ்சியே பெண்கள் கருச்சிதைவை மறைக்கின்றனர். மறைத்ததன் விளைவை மேலே கண்டோம். வயது 35-ஐக் கடந்தவர், முன்னர்ப் பலமுறை கரு கலைந்தவர், கட்டுப்படாத நீரிழிவோ தைராய்டுக் கோளாறோ உடையவர், புகைப்பவர் ஆகியோருக்குக் கருச்சிதைவின் வாய்ப்பு மிகுதி.

இரண்டாவது காரணம், கரு கருப்பைக்குள் தங்காமல் கருக்குழாயில் தங்குதல். நூறு கருக்களில் ஒன்றோ இரண்டோ இவ்வாறு அமையும். மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கும், அடிவயிற்றில் ஒரு பக்கம் வலிக்கும், வெளியே வரும் உதிரமோ சிறிதளவே. குழாய் வெடித்தால் உதிரம் வயிற்றுக்குள்ளே கொட்டும். தலை சுற்றும், தோள்பட்டையும் வலிக்கலாம். முன்னர்க் கருக்குழாயில் அழற்சியோ அறுவையோ ஏற்பட்டவர், ஒருமுறை குழாயில் கரு தங்கியவர், குழந்தைப் பேற்றுக்குச் சிகிச்சை பெற்றவர் ஆகியோர் இதில் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இவ்வறுவை செய்துகொண்டவர் என்பது 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வால் தெரிகின்றது. இவ்வறுவை தவறுவது அரிது. தவறிக் கருவுற்றால் அக்கரு குழாயில் தங்கும் வாய்ப்பு பெரிது. ‘ஆபரேஷன் ஆகிவிட்டது, எனக்கேது கர்ப்பம்’ என்று எண்ணி, தள்ளிப்போன மாதவிலக்கையும் அடிவயிற்று வலியையும் பொருட்படுத்தாமல் இருந்துவிடக் கூடாது.

மூன்றாவது, முத்துப்பிள்ளைக் கர்ப்பம். கருவுக்குப் பதிலாகத் திராட்சைக் கொத்துப்போல் நீர்க்கட்டிகள் வளர்வது இது. மிக இளவயதினருக்கும், நாற்பதைக் கடந்தவருக்கும், முன்னர் ஒருமுறை இவ்வாறு நேர்ந்தவருக்கும் இதன் வாய்ப்பு மிகுதி. அகற்றிய பின்னரும் டாக்டர் குறித்த நாள்களில் இரத்தச் சோதனைக்குத் தவறாமல் செல்லவேண்டும்.

ஆறாம் மாதத்திற்குப் பின்

பின் மாதங்களில் வரும் உதிரத்தை எந்நிலையிலும் வீட்டில் வைத்துப் பார்த்தல் கூடாது. அதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு.

முதலாவது, நஞ்சுக்கொடி கருப்பையின் கீழ்ப்பகுதியில் அமைந்து, கருப்பை வாயை மூடிக்கொண்டிருத்தல். இருநூறு பிரசவங்களில் ஒன்றில் இவ்வாறு நேர்வதாகக் கணக்கிடுவர். இதில் உதிரம் வலியின்றி வரும். முதன்முறை தானே நின்றும் விடும். மழைக்கால நிகழ்ச்சியில் மாமியாரை ஏமாற்றியது இக்குணமே. தானே நின்ற உதிரம் பின்னர் வரப்போகும் பெருக்குக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம்.

யாருக்கு இது நேரும்? முன்னர் சிசேரியன் ஆனவர், கருப்பையைச் சுத்தம் செய்துகொண்டவர், பல பிள்ளை பெற்றவர், இரட்டைக் கரு உடையவர், 35 வயதைக் கடந்தவர், குழாய்க் குழந்தைச் சிகிச்சை பெற்றவர், புகைப்பவர் ஆகியோருக்கு வாய்ப்பு மிகுதி.

இவற்றுள் சிசேரியன் நம்மவர் சிந்திக்கவேண்டிய ஒன்று. மேற்சொன்ன ஆய்வின்படி, நூறு பிரசவங்களில் அறுவையால் நடப்பவை இந்தியா முழுமைக்கும் 21.5, கர்நாடகத்தில் 31.5, தமிழ்நாட்டில் 44.9. அறுவை பல உயிர்களைக் காக்கின்றது. தேவைப்படும்போது அதை மறுக்கலாகாது. ஆயினும் ஒவ்வோர் அறுவையும் கருப்பையில் ஒரு தழும்பை விட்டுச் செல்கின்றது. அடுத்த கருவின் நஞ்சுக்கொடி அத்தழும்பின்மேல் அமர்ந்தால், கருப்பைச் சுவருக்குள்ளேயே வேரூன்றிவிடக் கூடும். பிரசவத்தின்போது அது பிரியாது. பிரித்தால் உதிரம் நிற்காது. கொடி கீழே அமைந்த பெண்ணுக்கு முன்னர் ஓர் அறுவை நடந்திருந்தால் இவ்வாறு வேரூன்றும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து அளவிலும், இரண்டு அறுவை நடந்திருந்தால் நாற்பது அளவிலும் உள்ளதாக மருத்துவ நூல்கள் கூறும். ஆகவே, ‘நல்ல நாள் பார்த்து அறுத்து எடுத்துவிடலாம்’ என்று தேவையின்றி அறுவையை வேண்டுவோர், அடுத்த பிள்ளையின் நலனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கொடி கீழே இருப்பதை ஐந்தாம் மாத ஸ்கேன் காட்டிவிடும். அப்போது கீழே காணப்பட்டாலும் பலருக்குக் கருப்பை வளர வளர அது மேலே விலகிவிடுகின்றது. ஆகையால் எட்டாம் மாத அளவில் மீண்டும் பார்க்கச் சொல்வர். அந்த இரண்டாம் ஸ்கேனைச் செலவு கருதித் தள்ளாதீர். கொடி கீழே உள்ளது என்று டாக்டர் கூறியிருந்தால், தாம்பத்திய உறவைத் தவிர்க்கவேண்டும். ஸ்கேனில் கொடியின் இடம் தெரியும்வரை எவரும் கைவிட்டுச் சோதிக்க இடம் தரலாகாது. அவ்வாறு சோதிப்பதே பெரும் உதிரப்பெருக்கை உண்டாக்கக் கூடும்.

இரண்டாவது காரணம், சரியான இடத்தில் அமைந்த கொடியே பிரசவத்துக்கு முன் பிரிந்துவிடுதல். நூறு பிரசவங்களில் ஏறத்தாழ ஒன்றில் இது நேரும். இதில் வயிறு கல்போல் இறுகும். கடும் வலி இருக்கும். குழந்தையின் அசைவு குறையும். உதிரம் கருப்பைக்குள்ளேயே தேங்கி, வெளியே சிறிதளவே காணப்படலாம். எனவே துணியில் கண்ட அளவைக்கொண்டு அபாயத்தை அளவிடக் கூடாது.

இதற்கு முன்னணிக் காரணம் இரத்த அழுத்தம். 140/90-க்கு மேற்பட்ட அழுத்தம், முகத்திலும் கையிலும் வீக்கம், விடாத தலைவலி, கண் மங்கல் ஆகியவற்றை வேலைக் களைப்பு என்று ஒதுக்காதீர். முன்னர் ஒருமுறை கொடி பிரிந்தவர், இரட்டைக் கரு உடையவர், பனிக்குட நீர் மிகுந்தவர், புகைப்பவர் ஆகியோருக்கும் வாய்ப்பு மிகுதி. கீழே விழுதல், வண்டியில் மோதுதல் போன்ற வயிற்றடியும் இதற்குக் காரணமாகும். அடி என்று எழுதும்போது மற்றொன்றையும் எழுதாமல் இருக்க இயலவில்லை. குடித்துவிட்டு வந்து கருவுற்ற மனைவியைத் தாக்கும் ஆடவர் நம்மிடையேயும் உளர். அந்த அடி இரண்டு உயிரின்மேல் விழுகின்றது. அண்டை வீட்டார் ‘அவர்கள் வீட்டு விவகாரம்’ என்று கதவைச் சாத்திக்கொள்ளுதல் அறமன்று. அடிபட்ட பெண்ணும், வெளியே உதிரம் காணாவிடினும், அன்றே டாக்டரிடம் செல்லவேண்டும். காரணத்தை உள்ளபடி கூறவேண்டும்.

இரத்தம் குறைந்த உடல்

ஒரே அளவு உதிரம் இழந்தும் ஒருத்தி எழுந்து நடக்கின்றாள். மற்றொருத்தி மயங்கி வீழ்கின்றாள். உடலில் முன்னரே இருந்த இரத்தத்தின் அளவே இதற்குப் பெரும்பாலும் காரணம். இந்தியாவில் கருவுற்ற பெண்களுள் 52.2 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர் என்று அதே ஆய்வு கூறுகின்றது. ஹீமோகுளோபின் 11-க்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். நான்காம் மாதம் தொடங்கி நாளொன்றுக்கு ஒன்றாக 180 நாள் உண்ணுமாறு அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தரும் இரும்புச்சத்து மாத்திரைகள் எத்தனை வீடுகளில் அலமாரியில் உறங்குகின்றன! அவற்றைக் காப்பியோடும் தேநீரோடும் உண்டால் சத்து உடலில் சேராது. எலுமிச்சைச் சாற்றோடு உண்ணுதல் நன்று.

இரத்த வகையையும் அறிந்திருத்தல் வேண்டும். தாய் ஆர்.எச். நெகடிவ், தந்தை பாசிடிவ் எனில், கருவுற்ற காலத்தில் உதிரம் தோன்றினால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி தேவையா என்று கேட்கவேண்டும். கருச்சிதைவுக்குப் பின்னும் இது பொருந்தும். தவறினால் அடுத்த குழந்தைக்குத் தீங்கு நேரலாம்.

ஷாஜஹானின் மனைவி மும்தாஜ் 1631-இல் புர்ஹான்பூரில் பதினான்காம் பிரசவத்தில் உயிர் நீத்தார். பேரரசின் செல்வம் அனைத்தும் அருகில் இருந்தும் பயன்படவில்லை. இரத்த வகைகள் 1901-இல்தான் கண்டறியப்பட்டன. இன்று நம் தெருவில் வாழும் ஏழைப் பெண்ணுக்கு அரசியாருக்குக் கிட்டாத உதவி கிட்டுகின்றது. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2001–03-இல் கர்நாடகத்தில் 228 தாய்மாரும், தமிழ்நாட்டில் 134 தாய்மாரும் இறந்தனர். 2018–20-இல் அவ்வெண்ணிக்கை 69 ஆகவும் 54 ஆகவும் குறைந்தது. எஞ்சிய மரணங்களையும் குறைப்பதில் குடும்பத்தாருக்கும் பங்கு உண்டு.

இரண்டு ஊர்க் குடும்பங்கள்

நம் வட்டாரத்தில் சேலம், தருமபுரி, வேலூர், திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் பலர். வளைகாப்பு முடிந்ததும் மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வது நம் வழக்கம்; நல்ல வழக்கமே. ஆனால் இங்கே பார்த்த டாக்டருக்கு அங்கே நடந்த பிரசவம் தெரியாது; அங்குள்ள டாக்டருக்கு இங்கே எடுத்த ஸ்கேன் தெரியாது. இங்குள்ள குறிப்பு கன்னடத்தில், அங்குள்ளது தமிழில்! ரயில்வேயில் ஒரு சாக்கு மூட்டையைக்கூடச் சீட்டு இல்லாமல் ஏற்றமாட்டோம். கருவுற்ற பெண்ணை மட்டும் ஒரு தாளும் இன்றி ஏற்றி அனுப்புகின்றோம்.

ஆகையால் ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள். ஒன்று, வயதும் கடைசி மாதவிலக்குத் தேதியும். இரண்டு, இதுவரை எத்தனை முறை கருவுற்றது, ஒவ்வொன்றும் எவ்வாறு முடிந்தது. மூன்று, சிசேரியன், டி.என்.சி., கருப்பைக் கட்டி அறுவை ஆகியவை நடந்த ஆண்டும் ஊரும். நான்கு, முன்னர் உதிரப்போக்கோ, இரத்தம் ஏற்றியதோ உண்டா என்பது. ஐந்து, இரத்த வகையும் ஹீமோகுளோபின் அளவும். ஆறு, இரத்த அழுத்தம், நீரிழிவு, தைராய்டு, உண்ணும் மருந்துகள். ஏழு, ஸ்கேனில் கொடி இருந்த இடம். எட்டு, இரத்தம் தர இசைந்த இருவரின் தொலைபேசி எண். இத்தாளைத் ‘தாயி கார்டு’, ஸ்கேன் தாள்கள் ஆகியவற்றோடு ஒரே உறையில் இட்டு, அவள் செல்லும் இடமெல்லாம் உடன் அனுப்புங்கள். கைப்பேசியில் படமெடுத்துக் கணவரும் தாயாரும் வைத்துக்கொள்ளுங்கள்.

கொடி கீழே உள்ளவர், ஒருமுறை உதிரம் கண்டவர், அழுத்தம் மிகுந்தவர் ஆகியோர் டாக்டரைக் கேளாமல் பயணம் புறப்படலாகாது. ரயில் உதிரத்தை வரவழைக்கும் என்பதன்று. வந்தால் இரத்த வங்கி அருகில் இராது என்பதே அச்சம். வழியில் நேர்ந்துவிட்டால் உடனே டிக்கெட் பரிசோதகரிடம் கூறுங்கள். 139 என்னும் எண்ணுக்கும் பேசுங்கள். அடுத்த நிலையத்தில் மருத்துவ உதவி கோரலாம்.

வீட்டில் நேர்ந்தால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். இரு மாநிலங்களிலும் 2008 முதல் இச்சேவை உண்டு. அவளை இடப்புறமாகப் படுக்க வையுங்கள். துணியை உள்ளே திணிக்காதீர். நனைந்த துணியை எறியாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அறுவை தேவைப்படலாமாதலால் உணவு கொடுக்காதீர். இரத்தமும் அறுவை வசதியும் உள்ள பெரிய மருத்துவமனைக்கே செல்லுங்கள். கோட்டை அருகே 1935 முதல் இயங்கிவரும் வாணி விலாஸ் மருத்துவமனை நமக்கு எட்டும் தூரத்திலேயே உள்ளது. 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு மருத்துவமனைகளில் பிரசவம், சிசேரியன், மருந்து, இரத்தம் ஆகியவை கருவுற்ற பெண்ணுக்கு இலவசம். பிற மாநிலத்தவர் என்று தயங்கவேண்டியதில்லை. ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி கருவுற்ற தாய்மாருக்கு அரசு மருத்துவமனைகளில் சிறப்புப் பரிசோதனை நடைபெறுகின்றது, அதையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மாமியார்மாருக்கு

இறுதியாக மாமியார்மாருக்கு ஒரு வேண்டுகோள். மருமகளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது, சிறிது நேரம் டாக்டரிடம் அவள் தனித்துப் பேச விடுங்கள். நீங்கள் வெளியே அமர்ந்திருக்கும் அந்த ஐந்து நிமிடம் அவள் உயிரைக் காக்கக் கூடும். கரு கலைந்தது என்று அவள் உங்களிடமே வந்து சொன்னால், ‘ஏன் முன்னரே சொல்லவில்லை’ என்று கடியாமல், ‘சொன்னாயே, நல்லது’ என்று கூறுங்கள். தாய்மார்களும் ‘சொல்லாதே’ என்று மகளுக்குப் போதித்து அனுப்பாதீர்.

மேலே கூறிய மாமியார் நம்மிடம் சொன்னது இது: “அவள் எனக்கு அஞ்சி மறைத்தாள். அவள் அஞ்சும்படி நான் இருந்திருக்கிறேனே என்பதுதான் எனக்கு வருத்தம்.” இப்போது பேரக் குழந்தை தவழ்கின்றது. நம் தெருவில் எந்தப் பெண் கருவுற்றாலும், அந்த அம்மையாரே ஒரு வெள்ளைத் தாளோடு அவள் வீட்டுக்குச் செல்கின்றார்; எழுதச் சொல்லிவிட்டு, தாம் வெளித்திண்ணையில் வந்து அமர்ந்துகொள்கின்றார்.